தலை ஆடிய கோடாலி

மூன்றாவது வெட்டிலேயே கைக்குத் தெரிந்துவிட்டது, கோடாலியின் தலை ஆடுகிறது. இது கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிகிற விஷயம். இரும்பு கட்டையில் இறங்கும்போது உள்ளங்கைக்கு ஒரே அதிர்ச்சியாக வரவேண்டும், இன்றைக்கு அது இரண்டாக உடைந்து வந்தது, கடைவாய்ப் பல் ஆடுகிறவனுக்கு முறுக்கைக் கடித்ததும் தெரிகிற மாதிரி. நிமிர்த்திப் பார்த்தேன். காம்பின் உச்சியில் அறைந்திருந்த மர ஆப்பு பாதிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. சித்திரை முழுக்கச் சும்மாவே சாத்தி வைத்திருந்ததில் புளியங்காம்பு காய்ந்து சுருங்கிவிட்டது, இரும்பைப் பிடித்து அசைத்தால் டக் டக்கென்று பேசுகிறது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆப்பைத் தட்டி இறக்கி, தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ராத்திரி போட்டுவிட்டால் மரம் உப்பி இரும்பைக் கவ்விக்கொள்ளும். சுத்தியல் எடுக்கலாம் என்று திரும்பும்போதுதான் முன்வாசலில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது, பின்னாலேயே ஆவுடையின் குரல், வாங்க மாப்ள, வாங்க வாங்க, இப்பதான் பஸ்ஸா. என் பெண்டாட்டியிடம் அவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோடாலியை அடிக்கட்டையில் லேசாகக் கொத்தி நிறுத்திவிட்டு நின்றேன். கைகழுவிக்கொண்டு முன்னால் போகவேண்டும், வாங்க என்று சொல்லவேண்டும், சிரிக்கவேண்டும். கால் போகவில்லை. விறகு வெட்டிக்கொண்டிருக்கிறேன், கேட்கவில்லை என்று இருக்கட்டும்.

விறகு என் மகள் செல்விக்காகத்தான். வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனால் அவள் குளிக்கிற வெந்நீருக்குப் புறவாசல் அடுப்பில் பெரிய அண்டா வைக்கிறோம், நொச்சி இலை போட்டு, ஒரு ஆள் தாங்கமாட்டாத சூட்டில். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன வாரம் வந்து இறங்கியபோது, பாத்ரூம் படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னாள். கேட்காமலே சொன்னாள். விலாவில் அடி என்றாள். ஆவுடை எண்ணெய் தேய்த்துவிட உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், வெளியே வந்தவள் கிண்ணத்தைக் கழுவினாள், கழுவின கிண்ணத்தை மறுபடியும் கழுவினாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படியில் வழுக்கினால் ஒரு பக்கம் அடிபடும். இவள் எந்தப் பக்கமும் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி தூங்குகிறாள். பொங்கலுக்கு முன்னால் வந்தபோது கதவில் இடித்துக்கொண்டது என்றாள், அப்போது நெற்றி. அப்போதும் நான்தான் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நான் வேலை பார்த்த பேக்கரியிலிருந்து ரஸ்க்கும் தேங்காய் பன்னும் கட்டி வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்து. அவர் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார், எதுக்கு மாமா இதெல்லாம் என்றார். நல்ல மாப்பிள்ளை என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். குடிக்கிறதில்லை, பீடி இல்லை, திருநெல்வேலியில் பாத்திரக்கடையில் நிற்கிறார், வந்தால் பெரியவர்களைக் கண்டு எழுந்து நிற்பார். மனசுக்குள் நினைக்கும்போதுகூட எனக்கு அவர் என்றுதான் வருகிறது. அவன் என்று நினைக்க முயன்று பார்த்திருக்கிறேன், ராத்திரி படுத்துக்கொண்டு, பொன்சேகர், அவன், அவன் என்று. விடிந்தால் அவர் ஆகிவிடுகிறார்.

அவர் இப்போது புறவாசலுக்கே வந்துவிட்டார், கையில் காப்பி டம்ளரோடு, சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு, சொந்த வீட்டு மனிதர் மாதிரி. என்ன மாமா காலையிலயே என்கிறார். உடம்பு எப்படி இருக்கு, சர்க்கரை டெஸ்ட் பண்ணினீங்களா என்கிறார். எனக்கும் பதில் வந்துகொண்டிருக்கிறது, நல்லா இருக்கேன், போன மாசம் பண்ணினேன், என் வாய் எனக்கு வேண்டாமலே நன்றாக வேலை செய்கிறது. ஆவுடை அடுப்பாங்கரைக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை மத்தியானப் பஸ்ஸுக்கே செல்வியைக் கூட்டிக்கொண்டு போகிறாராம், கடையில் லீவு இல்லையாம், கோழி எடுக்கச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். நான் அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது சொல்லவேண்டும், இப்போது சொன்னால் சரியாக இருக்கும், அவ இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் மாப்ள என்று தொடங்கலாம், அது ஒன்றும் சண்டை இல்லை. காலடியில் கிடந்த விறகைக் காலால் ஒதுக்குகிறேன். அவர் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைத் துவைக்கிற கல்லின்மேல் வைக்கிறார். "குடுங்க மாமா, நான் ரெண்டு வெட்டு வெட்டுதேன். நீங்க உக்காருங்க" என்று கையை நீட்டுகிறார். நான் காம்பைப் பிடித்துக் கட்டையிலிருந்து பிடுங்குகிறேன், இரும்பு டக்கென்று அசைகிறது, என் கைக்குத் தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது. என் கை கொடுக்கிறது. காம்பு என் கையை விட்டுப் போய்விட்டது.

இல்லை, மறந்துபோய்க் கொடுக்கவில்லை. அதை இப்போதே சொல்லிக்கொள்ளவேண்டும், பிறகு மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், நம்பியும் விடுவேன். ஆடுது மாப்ள, இருங்க ஆப்பு தட்டித் தாரேன். இவ்வளவுதான் பேச்சு. ஒரு மூச்சில் முடிகிற பேச்சு. முதல் வெட்டு வெட்டிவிட்டார். உடைமுள் மரம், காய்ந்தது, லேசாகவே வாய் திறந்தது. அவருக்கு வெட்டத் தெரியவில்லை. இடது காலை முன்னால் வைத்து வலது காலைப் பின்னால் வைத்து நடக்கப்போகிறவர் மாதிரி நிற்கிறார், அப்படி நின்றால் வெட்டு தப்பினதும் கோடாலி நேராக முன்கால் முழங்காலுக்குக் கீழே வந்துதான் நிற்கும். இரண்டு காலையும் அகட்டி ஒரே வரிசையில் வைக்கவேண்டும், இரும்பு இறங்கும்போது முழங்காலை மடக்கி உடம்பும் கூடவே இறங்கவேண்டும், தப்பினால் மண்ணுக்குப் போகும், எலும்புக்குப் போகாது. கட்டையின் நட்டநடுவில் அடிக்கிறார். நடுவில் அடித்தால் இரும்பு மாட்டிக்கொள்ளும், வெடிப்பு ஓடுகிற விளிம்பைப் பார்த்து அடிக்கவேண்டும், கணு இருக்கிற பக்கத்தை விட்டுவிடவேண்டும். மாட்டிக்கொண்டது. மேலும் கீழுமாகக் காம்பை அசைத்துப் பிடுங்குகிறார், ஐயோ அப்படி அசைக்கக்கூடாது, ஒவ்வொரு அசைப்புக்கும் ஆப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். ஏறுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கைகள் வெட்டுவதற்குத் தெரியாத கைகள், ஆனால் பலம் இருக்கிறது, மணிக்கட்டு தடியாக, விரல் மடக்குகிற மொளிகள் பெரிசாக. அந்த மொளிகளை நான் பார்க்கவே கூடாது என்று அவர் வந்து நின்றதிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தேன், இப்போது பார்க்கிறேன், விலாவில் ஆவுடை பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று பொருத்திப் பார்க்கிறேன்.

பேக்கரியில் என்னோடு விறகு வெட்டின சாமிதாஸ் ஞாபகத்துக்கு வருகிறான். வராமல் இருக்கவேண்டும் என்று பார்த்தேன், வந்துவிட்டான். ரொட்டி சுடுகிற பெரிய அடுப்பை அங்கே போர்மா என்போம், ஒரு நாளைக்கு ஒரு வண்டி விறகு தின்னும். நானும் அவனும் மாற்றி மாற்றி வெட்டுவோம், அருளப்பன் என்று ஒருவன் அடுக்குவான். அன்றைக்கு சாமிதாஸ் ஓங்கினபோது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று பின்பக்கம் போனது. அவன் வெறும் காம்பால் கட்டையை அடித்தான், அந்தச் சத்தம் வித்தியாசமாக இருந்ததால்தான் எல்லாரும் திரும்பினோம். அருளப்பன் அசந்துபோய் உட்கார்கிறவன் மாதிரி விறகுக் குவியலில் உட்கார்ந்தான், தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டான், என்னல இது என்று கேட்டான். வண்டி வருவதற்குள் மைதா சாக்கை எடுத்து மூடவேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் போர்மா எரிந்தது, ரொட்டி வெந்தது, விற்றது. அருளப்பன் வீட்டில் யாரும் சாமிதாஸைக் குறை சொல்லவில்லை, தலை கழன்றால் அவன் என்ன செய்வான் என்றார்கள். அதற்குப் பிறகு அவன் கோடாலியைத் தொடவே இல்லை, மாவு பிசைகிற பக்கம் போய்விட்டான். ரொம்ப நாள் கழித்து என்னிடம் மட்டும் சொன்னான், ஆடுதுன்னு எனக்குத் தெரியும்டே, இந்தக் கட்டைய முடிச்சுட்டுப் பாப்போம்னு நெனச்சேன் என்று. அவனைத் தின்றது அந்தத் தெரியும்தான். அவன் ஒரு கட்டைதான் தள்ளிப்போட்டான். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்.

ஓங்கும்போது கழன்றால் பின்னால் போகும். இறக்கும்போது கழன்றால் முன்னால் போகும், இல்லையென்றால் கட்டையில் பட்டு எகிறி அவர் மேலேயே வரும். பின்னால் யாரும் இல்லை, சுற்றுச்சுவர்தான். முன்னால் அடுப்பாங்கரைக் கதவு, அது திறந்து கிடக்கிறது, ஆனால் ஆவுடை ஓரத்தில் அடுப்புப் பக்கம்தான் நிற்பாள், அங்கே போகாது. அப்படியென்றால் அவர் மேல்தான். முழங்காலில் பட்டால் நடை போகும். நடை போனால் செல்வியை யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். நான் எவ்வளவு தூரத்துக்கு நினைத்துவிட்டேன் என்று எனக்கே தூக்கிவாரிப்போடுகிறது, ஒரு மனிதனின் காலை எடுத்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, அவர் படுத்திருப்பதால் என் மகள் இங்கேயே இருக்கிறாள் என்றுவரை போய்விட்டேன். அதற்கும் மேலே போகிறது, நெற்றி என்கிறது, நெற்றியில் பட்டால் என்கிறது. இல்லை. நொண்டியானால் அவள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்வார்கள், நெற்றி என்றால் என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது, ஈ மாதிரி, விரட்டினால் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால், சுவரோரமாக, அவர் ஓங்குகிற நேர்கோட்டில் போட்டு உட்காருகிறேன். ஏன் அங்கே உட்கார்ந்தேன் என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது. நானும் அந்தக் கோட்டில் இருந்தால் இது கொலை இல்லை. பின்னால் வந்தால் எனக்கு, முன்னால் போனால் அவருக்கு. இரண்டு பேருக்கும் சமம். நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்து, தள்ளி உக்காருங்க மாமா, சிலும்பு தெறிக்கும் என்கிறார். பரவால்ல மாப்ள என்கிறேன். அருளப்பன் என்னல இது என்று கேட்டது காதிலேயே இருக்கிறது. ஓங்குகிறார், இரும்பு என் தலைக்கு நேராக ஒரு நொடி வானத்தில் நிற்கிறது, தோளைக் குறுக்கிக்கொள்கிறேன், போய்விட்டது, கட்டையில் இறங்கிவிட்டது. எனக்குச் சாவதற்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவு பயந்தவனின் மகளாக அவள் பிறந்திருக்கவேண்டாம்.

கதவில் செல்வி. அண்டா அடுப்புக்கு விறகு எடுக்க வருகிறாள், கையில் பழைய பனையோலைப் பெட்டி. அவரைப் பார்த்ததும் அவள் முகம் மூடிக்கொள்கிறது, கதவு மூடுவது மாதிரிதான், உள்ளே வெளிச்சம் இருந்தால்கூட வெளியே தெரியாது. அவர் சிரித்து, வலி எப்படி இருக்கு என்று கேட்கிறார், படிய இனிமே பாத்து ஏறு என்கிறார். சரி என்கிறாள். குனிய முடியாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பிளந்த விறகை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைக்கிறாள். அவளுக்குப் பின்னாலேயே பேத்தி வர்ஷா வந்துவிட்டது, பிளாஸ்டிக் கப்போடு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று தொட்டித் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றி ஊற்றி விளையாடுகிறது. அவருக்கு நேர் முன்னால். பிள்ளையைத் தள்ளிக் கூட்டிட்டுப் போ என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அதைச் சொன்னால் ஏன் என்று அவர் கேட்பார், அதற்குள் செல்வி நிமிர்ந்துவிட்டாள். அவள் கோடாலியைப் பார்க்கிறாள். அவர் காம்பைத் தரையில் ஊன்றி, இரும்பு மேலே இருக்க, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆப்பு முழுக்க வெளியே வந்து நிற்கிறது, ஒரு விரல் உயரத்துக்கு. காம்பில் இரும்பு முன்பு உட்கார்ந்திருந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பாவாடை கட்டின காலத்திலிருந்து இந்தப் புறவாசலில் கிடந்தவள் அவள், ஊறப்போட்ட கோடாலியைத் தொட்டியிலிருந்து எத்தனையோ தடவை எடுத்துத் தந்திருக்கிறாள், அதைப் பார்த்தால் அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. கோடாலியிலிருந்து அவள் கண் என்னிடம் வருகிறது. நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்க்கிறாள். பிறகு என் முகத்தை. நான் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, திருப்பியிருக்கவேண்டும். அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பெட்டியைக் கீழேயே விட்டுவிட்டு, விலாவில் ஒரு கையை அழுத்திக்கொண்டு போய், மற்ற கையால் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். கப் கீழே விழுந்தது, பிள்ளை சிணுங்கியது. உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். கீழ்த் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் வாயை ஒருவேளை பொத்திக்கொண்டு. இனிமேல் விழுகிறது அவள் தலையிலும் விழும். நான் செத்தாலும் அவள் கதவைச் சாத்தினவள், அவர் செத்தாலும் கதவைச் சாத்தினவள், இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது அவளுக்கு, சாமிதாஸுக்கு மாவு பிசைகிற பக்கம் என்று ஒன்று இருந்தது, இவள் எங்கே போவாள். நான் சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் இரும்பிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், அது போய் அவளிடம் ஒட்டிக்கொண்டது. எழுந்துவிட்டேன், ஸ்டூல் சாய்ந்தது. அவர் ஓங்கிவிட்டார். இப்போது கத்தக்கூடாது. ஓங்கினவனைக் கூப்பிடவே கூடாது, கை தடுமாறும், தடுமாறினால் கழலும், இவ்வளவு வருஷம் விறகு வெட்டினவனுக்கு அதுகூடத் தெரியாதா, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், இரும்பு உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, காம்புக்கும் அதற்கும் நடுவில் வானம் தெரிகிறது, கண்ணால் பார்க்கிறேன், சாமி, கட்டையில் போய் விழட்டும், யார் மேலும் வேண்டாம், கட்டையில். இறங்கியது. கோணலாக, கட்டையின் ஓரத்தில் கொத்தி நின்றது. காம்பு மட்டும் அவர் கையோடு பாதி உருவிக்கொண்டு வந்தது. "வெட்டாதீங்க மாப்ள. தலை கழலுது" என்றேன். என் குரல் ஒரு கிழவனின் குரலாகக் கேட்டது.

அவர் காம்பைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், விரலால் தட்டினார், அது கட்டையைவிட்டுக் கழன்று மண்ணில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிரித்தார். நல்லவேளை பாத்தீங்க மாமா, என் காலோட போயிருக்கும் என்றார். என் தோளில் கையை வைத்து அழுத்தினார், நிஜமான நன்றியோடு. அந்தக் கை சூடாக இருந்தது, கனமாக இருந்தது. நான் குனிந்து இரும்பை எடுத்தேன், காம்பை அவர் கையிலிருந்து வாங்கினேன், இரண்டையும் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டேன். அது இப்போது கையில் இருக்கக்கூடாது, என் கையிலும் கூடாது, அவர் கையிலும் கூடாது. அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, சரி மாமா, அவளக் கிளம்பச் சொல்லுங்க, சாப்பிட்டதும் போயிருவோம் என்றார். துண்டால் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். நான் அவருக்கு முன்னால் போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். கை இரண்டும் சும்மா தொங்கின, எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"செல்வி வரமாட்டா" என்றேன்.

என்ன மாமா என்றார், கேட்காதவர் மாதிரி. உங்க வீட்டுக்கு அவ இனி வரமாட்டா என்றேன். சொல்லிவிட்டதும் ஒன்றும் லேசாகிவிடவில்லை. அவர் கோபப்படவே இல்லை. அவ சொன்னாளா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை, நான் சொல்லுதேன் என்றேன். புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், நீங்க பெரியவங்க, இதுல வரக்கூடாது என்றார், பாத்திரக்கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தணிவான குரலில். விலகுங்க மாமா என்றார். அவ படியில விழல மாப்ள என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது, மாறியது என்றுகூடச் சொல்லமுடியாது, சிரிப்பு அங்கேயே இருந்தது, அதற்குப் பின்னால் இருந்தவர் எழுந்து போய்விட்டார். என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். ஓங்கவில்லை, அடிக்கவில்லை, ஒரு பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு தள்ளு. நான் விறகுக் குவியலில் போய் விழுந்தேன், ஊன்றின கையில் சிலும்புகள் ஏறின, மூச்சு வரவில்லை, இவ்வளவு சுலபமாக இருக்கிறதா இது என்று தோன்றியது, இவ்வளவு சுலபமாகத்தான் அவளும் விழுவாளா. கதவு திறந்தது. ஆவுடை நின்றாள், கையில் மஞ்சளும் கோழி இரத்தமும். என்னைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள், அது இன்னும் நீண்டபடியே இருந்தது. கீழே கிடந்தபடியே எனக்கு அவன் என்று வந்துவிட்டது, முயற்சி செய்யாமலே.

எண்ணெய்க் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினவள் அவள், எல்லாம் சரியாப் போகும் என்று என்னிடமும் செல்வியிடமும் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தவள். அவள் என்னைத் தூக்கிவிட வரவில்லை. கதவை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவு ஒல்லியான உடம்பை வைத்துக்கொண்டு. "சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க மாப்ள" என்றாள். அவன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான், மாமா கால் தடுக்கி விழுந்தார் என்றான். அவள் நகரவில்லை. சட்டை வீட்டுக்குள் நாற்காலியில் கிடந்தது, அவளே போய் எடுத்துவந்து, உள்ளே விடாமல், கையை நீட்டிக் கொடுத்தாள், அதில் அவள் விரலின் மஞ்சள் ஒட்டியிருந்தது. பொத்தான் போட்டுக்கொண்டே அவன் சொன்னான், பிள்ளை எங்க வீட்டுப் பிள்ளை, நாலு பேரோட வாரேன், அப்பப் பேசுவோம். சுவரோரமாகச் சந்து வழியாக வெளியே போனான். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். வருவான். நாலு பேரோடு வருவான், அந்த நாலு பேரும் நல்ல மனிதர்களாக இருப்பார்கள், அவன் நல்லவன் என்று உண்மையாகவே நம்புகிறவர்களாக. அவர்கள் முன்னால் இன்றைக்குச் சொன்னதை நான் மறுபடியும் சொல்லவேண்டும், அப்போது தொண்டை என்ன செய்யும் என்று தெரியாது. பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனாலும் போவான். இது முடிந்துவிடவில்லை, இது இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. ஆவுடை அடுப்பை அணைத்துவிட்டாள். வேகாத கோழி சட்டியிலேயே கிடக்கிறது.

செல்வி ஊக்கும் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார முடிந்தது. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊக்கு முனையால் சிலும்புகளைத் தோண்ட ஆரம்பித்தாள். உள்ளே வர்ஷா ஆவுடையிடம் எதற்கோ அழுதுகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. நீ எதைப் பார்த்தாய், எப்போது பார்த்தாய், கதவுக்குப் பின்னால் எதற்குக் காத்திருந்தாய் என்று கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை, கோடாலி ஆடுவது உனக்கு எப்போது தெரியும் என்று, ஏன் போய் அங்கே உட்கார்ந்தாய் என்று. ஒரு சிலும்பை இழுத்து எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் துடைத்தாள்.

"வெயில் ஏறிட்டுன்னுதான் புள்ளைய உள்ள தூக்கிட்டுப் போனேன்பா" என்றாள்.

எங்கள் புறவாசல் மேற்குப் பார்த்தது, உச்சி சாய்கிறவரைக்கும் அங்கே வெயில் எட்டாது. அந்த நிழலில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"ஆமா, நல்ல வெயிலு" என்றேன்.

அவள் தலை நிமிராமல் அடுத்த சிலும்பைத் தேட ஆரம்பித்தாள்.